இருபதாவது உறைபனிக்குப் பிறகு கல்யாணம்

பெர்சி டார்டாஃப் எட்னாவிடம் "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டது ஏப்ரல் மாதத்து ஒரு சனிக்கிழமை. அவள் தலையாட்டி முடிப்பதற்குள், "ஆனா ஜனவரிக்கு முன்னாடி தோதுப்படாது" என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டான்.

எட்னா கம்பளி மில்லில் வேலை பார்ப்பவள். தறியிலிருந்து இறங்கும் துணியை வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, விட்டுப்போன இழையைக் கண்டுபிடித்து ஊசியால் சரிசெய்வது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதையே செய்கிறவளுக்கு, பேச்சில் ஓர் இழை விட்டுப்போனால் தெரியாதா?

"ஜனவரியில என்ன?" என்றாள்.

"கிழங்கைப் பெயர்க்கணுமே."

"எந்தக் கிழங்கை?"

இப்படிக்கூட ஒருத்தி கேட்பாளா என்பதுபோல பெர்சி அவளைப் பார்த்தான். "என் ரூபார்ப் கிழங்கை, எட்னா. நான் உங்க வீட்டுக்குக் குடிவந்துட்டா அது மட்டும் அங்க தனியாவா இருக்கும்? இப்ப இலைவிட்டு நிக்குது. இப்பப் பேர்த்தா செத்துடும். இலை காய்ஞ்சு விழணும், உறைபனி விழணும், அது நல்லாத் தூங்கணும். தூங்கறப்பதான் தூக்கிட்டு வரணும்."

வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் கதவைச் சாத்தியிருப்பாள். எட்னா மார்லி என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். அந்தப் பக்கத்தில் வீடு மாறுகிறவர்கள் பீரோவை விட்டுவிட்டுப் போவார்கள், வருஷாவருஷம் புளிப்பான சிவப்புத் தண்டு விட்டு ஜாமுக்கு உதவும் ரூபார்ப் கிழங்கை விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். அதனால் "நியாயம்தான்" என்று சொன்னாள். சொன்ன பிறகுதான், முப்பத்தெட்டு வயதில் ஒரு கிழங்குக்காக ஒன்பது மாதம் காத்திருக்க ஒப்புக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது.

பெர்சிக்கு நாற்பத்தைந்து வயது. ரயில்நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. கீழ்த்தெருவில், ஈரம் ஊறும் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தான். எட்னாவின் அப்பா சேத் சக்டன் தன் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு ஓர் அடி நகர மாட்டார் என்பதால், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்தாக வேண்டும். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை, சேத்தைத் தவிர.

"அவனா?" என்றார் சேத், எட்னா விஷயத்தைச் சொன்னதும். "அவன் வந்தா வரட்டும். கிழங்கு எதுக்கு?"

"அது இல்லாம வர மாட்டார்ப்பா."

"என் தோட்டத்துல, என் கிழங்குக்குப் பக்கத்துல, அவன் கிழங்கா? எட்டு வருஷம், எட்னா! எட்டு வருஷம்!"

எட்டு வருஷக் கணக்கு ஊருக்கே தெரியும். ஜூன் மாதம் ஊர்த் தேவாலயமான சேப்பலில் நடக்கும் கண்காட்சியில் மூன்று ரூபார்ப் தண்டுகளை வைத்துப் போட்டி போடுவார்கள். நீளம், கனம், அடியிலிருந்து நுனிவரை ஏறும் சிவப்பு எல்லாம் பார்ப்பார்கள். எட்டு வருஷமாக முதல் பரிசு பெர்சிக்கு, இரண்டாம் பரிசு சேத்துக்கு. ஒரு வருஷமாவது மூன்றாவதாக வந்திருந்தால் மனது ஆறியிருக்கும். இரண்டாவது என்பதுதான் சேத்தை அரித்தது.

ஆனால் அந்த ஜூனில் ஓர் அதிசயம் நடந்தது. பெர்சி போட்டிக்கே வரவில்லை. "முட்டி வலி" என்றான். முட்டிக்கும் தண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. சேத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. பரிசு அட்டைக்குச் சட்டம் போட்டு, கணப்புக்கு மேலே, காலமான மனைவியின் படத்தை அரை அடி நகர்த்திவிட்டு மாட்டினார். அன்றிலிருந்து பெர்சியிடம் கொஞ்சம் தாராளமாகவும் நடந்துகொண்டார். நிலக்கரிக் கொட்டகைக்குப் பின்னால், வெயில் எட்டிப் பார்க்கிற மாதிரி ஓர் இடத்தை அவன் கிழங்குக்கு ஒதுக்கிக் கொடுத்தார். அந்த மூன்றடி நிலத்துக்கு நடந்த பேச்சுவார்த்தை ஆகஸ்ட் வரை இழுத்தது.

அக்டோபரில் இலைகள் விழுந்தன. தோட்டக்காரர்கள் உறைபனியை எண்ண ஆரம்பித்தார்கள். சேத் நிலக்கரிக் கொட்டகைக் கதவில் சுண்ணாம்புக்கட்டியால் ஓர் உறைபனிக்கு ஒரு கோடு இழுத்தார். இருபது உறைபனி விழுந்தால்தான் கிழங்கு முழுத் தூக்கம் தூங்கும் என்பது அவர் கட்சி. பதினைந்து போதும் என்றார்கள் அக்கம்பக்கத்தில். இந்த ஒரு விஷயத்தில் பெர்சி, வருங்கால மாமனார் சொன்னதே சரி என்றான். இருபதுக்குக் குறையவே கூடாது, வேண்டுமானால் இருபத்திரண்டு வரைக்கும்கூடப் பார்க்கலாம் என்றான். ஜனவரி பன்னிரண்டு, சனிக்கிழமை, காலை பதினொரு மணி என்று தேதி குறித்தார்கள். பெர்சியின் வீட்டுக்குப் பதினான்காம் தேதி வேறொரு குடும்பம் குடிவருவதாகவும் முடிவாயிற்று.

மில்லில் எட்னாவைக் கண்டாலே கிண்டல்தான். "என்னடி, நேத்துப் பனி விழுந்துச்சா? எத்தனையாவது?" என்பாள் ஒருத்தி. "அவ கல்யாணத்துக்கு வானிலை அறிக்கை வாசிக்கறவரையும் கூப்பிடணும்" என்பாள் இன்னொருத்தி.

நவம்பர் மந்தமாக இருந்தது. டிசம்பர் பாதியில் கதவில் பதினொரு கோடுகள். எட்னா காலையில் எழுந்ததும் ஜன்னலைத்தான் பார்ப்பாள். கல்யாணப் பெண் வானத்தைப் பார்த்துக் குளிர வேண்டுமே என்று வேண்டிக்கொண்டது அந்த ஊரில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

வேண்டுதல் கொஞ்சம் அதிகமாகவே பலித்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆரம்பித்த பனி நிற்கவே இல்லை. 1963 பிறந்தபோது தெருக்குழாய் உறைந்திருந்தது, பால் உறைந்து முட்டியதில் புட்டியின் மூடி உயர்ந்து நின்றது, கொடியில் தொங்கிய சேத்தின் கம்பளிக் காலுறை தானாக நின்றது. கதவில் கோடு இருபதைத் தாண்டியது. சேத் எண்ணுவதை நிறுத்தினார். ஜனவரி மூன்றாம் தேதி, பெர்சி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய், கிழங்கைச் சுற்றி ஓங்கி ஒரு வெட்டு வெட்டினான். கணீரென்று சத்தம் வந்தது. மண்வெட்டியின் பிடி இரண்டாக முறிந்தது. மண்ணில் ஒரு கீறல்கூட விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சேப்பல் முடிந்து வெளியே வரும்போது, பெர்சி தொப்பியைக் கையில் பிடித்துச் சுற்றியபடி எட்னாவிடம் வந்தான். தொப்பி சுற்றுகிறதென்றால் நல்ல செய்தி இல்லை.

"எட்னா, மண்ணு இரும்பா இருக்கு."

"அதனால?"

"கொஞ்சம் இளகற வரைக்கும்... தேதியை ஒரு ரெண்டு வாரம் தள்ளிப் போட்டா..."

"பதினாலாம் தேதி உன் வீட்டுக்கு ஆள் வருதே?"

"அவங்க வந்தாலும் கிழங்கு அங்கதானே இருக்கும். அப்பறமா வந்து எடுத்துக்கறேன்னு சொல்லிடலாம்."

"அப்ப கல்யாணத்தையும் பண்ணிக்கிட்டு அப்பறமா வந்து எடுத்துக்கலாமே?"

பெர்சி தொப்பியை இன்னும் வேகமாகச் சுற்றினான். பதில் சொன்னவர், பின்னாலேயே வந்த சேத். "அதெப்படி? தெரியாத ஆளுங்ககிட்ட கிழங்கை விட்டுட்டு வர்றதா? ஹல் ஊர்ப் பக்கத்துலேர்ந்து வராங்களாம். அங்கெல்லாம் தண்டைக் கத்தியால அறுப்பாங்க!"

"கத்தியாலயா?" என்றான் பெர்சி.

"கத்தியால! திருகி இழுக்கத் தெரியாத ஜனங்க."

இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். எட்டு வருஷப் பகை அந்த ஒரு தலையாட்டலில் கரைந்துபோயிற்று. எட்னா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கல்யாணம் ஆகவேண்டியது தனக்கா, இவர்கள் இரண்டு பேருக்குமா என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

"நல்லாக் கேட்டுக்கங்க, ரெண்டு பேரும்" என்றாள். "சனிக்கிழமை காலையில பதினொரு மணிக்கு நான் இந்தச் சேப்பல்ல நிப்பேன். கிழங்கோட வந்தாலும் சரி, கிழங்கு இல்லாம வந்தாலும் சரி. தேதி மாறாது. ஏப்ரல்லேர்ந்து நான் ஒரு செடியோட சௌகரியத்தைப் பார்த்துக்கிட்டிருக்கேன். இனிமே என் சௌகரியத்தைப் பார்க்கப் போறேன்."

திங்கட்கிழமை காலை சேத் கடப்பாரையோடு கீழ்த்தெருவுக்குக் கிளம்பினார். எழுபத்திரண்டு வயதில் மாப்பிள்ளையின் வீட்டுக்கு அவர் போவது அதுதான் முதல் தடவை. மாலையில் வேலை முடிந்து வருகிற வழியில் எட்னா எட்டிப் பார்த்தாள். இருவரும் கெட்டில் கெட்டிலாக வெந்நீர் காய்ச்சிக் கிழங்கைச் சுற்றி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுத் திருமதி ஃபர்த் வேலிக்கு அந்தப் பக்கம் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீத்தூளையும் போட்டுடுங்க" என்றாள் திருமதி ஃபர்த். "கிழங்கு ஒரு வாய் குடிச்சுக்கட்டும்."

"உள்ள போம்மா நீ" என்றார் சேத்.

ஊற்றிய வெந்நீர் கால்மணி நேரத்தில் கண்ணாடியாக உறைந்தது. செவ்வாய்க்கிழமை அந்தக் கண்ணாடியில் கால் வைத்த சேத், கிழங்கிலிருந்து வேலி வரைக்கும் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். போகிற வழியில் கெட்டிலை மட்டும் விடவில்லை. "நல்லா வர்றீங்க, இன்னொரு தடவை வாங்க" என்றாள் திருமதி ஃபர்த். அவர் எழுந்து நிற்க அவள்தான் துடைப்பத்தை நீட்டிப் பிடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டியிருந்தது.

புதன்கிழமை, அடியில்லாத இரும்பு வாளிகளைச் சுற்றிவர வைத்து அவற்றுக்குள் கரி மூட்டினார்கள். அது வேலை செய்தது. நாலு விரல்கடை மண் இளகியது. வியாழக்கிழமை இன்னும் நாலு விரல்கடை. சேத் கடப்பாரையைப் பிடிக்க, பெர்சி சுத்தியலால் அடித்தான். அவன் அடித்த லட்சணத்தைப் பார்த்து சேத்துக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டா பயலே, பூனைக்குத் தடவிக் கொடுக்கறியா? ஓங்கி அடிடா!"

"கிழங்குல பட்டுடும், மிஸ்டர் சக்டன்."

"ஒண்ணரை அடி தள்ளி இருக்கு கிழங்கு! நாளன்னிக்குக் கல்யாணம். உனக்கு வெளியில எடுக்கற உத்தேசம் இருக்கா இல்லையா?"

பெர்சி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். அந்தக் குளிரில் அவனுக்கு மட்டும் வியர்த்தது.

வெள்ளிக்கிழமை மதியம், மண்ணும் பனியுமாக முக்காலி அளவுக்கு ஒரு கட்டி வெளியே வந்தது. சறுக்குப் பலகையில் கட்டி, ஊரே பார்க்க மேட்டில் இழுத்துக்கொண்டு வந்தார்கள். எட்னா அன்று மில்லுக்கு லீவு போட்டிருந்தாள். அடுப்புக்கு முன்னால், தான் குளிப்பதற்காகத் தகரத் தொட்டியைத் துலக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் காயவைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. "ஜாக்கிரதை, ஜாக்கிரதை" என்று சொல்லிக்கொண்டே இருவரும் அந்தக் கட்டியைத் தொட்டியில் இறக்கினார்கள்.

"அப்பா! அது எனக்குக் குளிக்க!"

"இது இளகட்டும், அப்பறம் நீ குளி. இதுக்கு அவசரம், உனக்கென்ன?"

மூவரும் நாற்காலி போட்டுத் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து டீ குடித்தார்கள். பிரசவ அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது எட்னாவுக்கு. சேத் உற்சாகமாக இருந்தார். எட்டு வருஷமாக வேலிக்கு வெளியிலிருந்து பார்த்த பொருளை இன்றைக்குக் கையால் தொடப் போகிறார். பெர்சி மட்டும் டீயை ஆறவிட்டு, கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

மண் கரைந்து தண்ணீர் பழுப்பானது. சேத் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை உள்ளே விட்டார். தடவினார். இன்னும் கொஞ்சம் தடவினார். முகம் மாறியது.

"முளை எங்கடா?"

பெர்சி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

"கட்டைவிரல் தண்டிக்கு, சிவப்பா, ஒரு பத்தாவது இருக்கணுமே? என்னடா இது, வேகவெச்ச டர்னிப் மாதிரி கொழகொழன்னு இருக்கு?" சேத் கையை வெளியே எடுத்து மோந்து பார்த்தார். மூக்கைச் சுளித்தார். "இது நேத்துச் செத்ததில்ல. இது போன கோடையிலயே போயிருக்கு."

"தெரியும், மிஸ்டர் சக்டன்" என்றான் பெர்சி.

அடுப்பில் கரி சரிந்தது. எட்னா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"தெரியுமா? தெரிஞ்சுமா அஞ்சு நாளா என்னைக் கடப்பாரை பிடிக்க வெச்ச? என் இடுப்பு என்னத்துக்காகும்னு..."

"ஒருவேளை அடியில எங்கயாவது ஒரு துண்டு உயிரோட இருக்குமோன்னு நெனச்சேன். தோண்டாம இருந்தா இருக்கற மாதிரியே இருக்கும். தோண்டிட்டா தெரிஞ்சுடும். அதான்... தேதியைத் தள்ளிப் போடலாம்னு..."

சேத் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பெர்சி, நான் இப்ப பொண்ணோட அப்பாவாக் கேக்கல. தோட்டக்காரனாக் கேக்கறேன். என்ன பண்ணின இதை?"

"போன ஜனவரியில வாளி கவிழ்த்து மூடி வெச்சேன். சீக்கிரமா, இளசா, இளஞ்சிவப்பா வரணும்னு."

"சரி. எல்லாரும் பண்றதுதான். மூடி எடுத்த கிழங்கை அந்த வருஷம் அப்பறம் தொடக் கூடாது. தொட்டியா?"

"தொட்டேன்."

"மார்ச்லயா?"

"மார்ச், ஏப்ரல், மே..."

"ஜூன்லயுமா?" சேத்தின் குரல் இறங்கிவிட்டது. "ஜூன் கடைசியோட ஊரே நிறுத்திடுமேடா. ஜூலையில...?"

"ஆகஸ்ட் வரைக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும். ஒரு சனிக்கிழமைகூட விடல."

பெர்சி ஓர் ஆளைக் கொன்றுவிட்டதாகச் சொல்லியிருந்தால்கூட சேத் அப்படி அதிர்ந்திருக்க மாட்டார். "ஆகஸ்ட்ல! அப்பறம் அது எதைச் சாப்பிட்டுக் குளிர்காலத்தைத் தாண்டும்? சின்னப் பையன்கூடப் பண்ண மாட்டானே! அப்படி ஒவ்வொரு சனிக்கிழமையும் பறிச்சு யார் தலையில கட்டின?"

கேட்டுவிட்டுத் தானே நிறுத்திக்கொண்டார். மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தார்.

எட்னாவின் காது மடல் சூடானது. பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலில் பெர்சி. கையில் செய்தித்தாளில் சுற்றிய ரூபார்ப். "கொஞ்சம் கூடுதலா வந்துடுச்சு, வீணாப் போகுமேன்னு" என்பான். பகையாளியின் ரூபார்ப்பை வாயில் வைக்க மாட்டேன் என்று சேத் சபதம் செய்திருந்ததால், அவள் அத்தனையையும் அவருக்குத் தெரியாமல் ஜாமாகக் காய்ச்சி மாடி அலமாரியில் அடுக்கி வைத்திருந்தாள். முப்பத்தொரு புட்டி.

"வாங்கிக்கிட்டியா?" என்றார் சேத். "ஆகஸ்ட்லயும்?"

"வாங்கிக்கிட்டேன்."

"கையில வாங்கறப்பவே தெரிஞ்சிருக்குமே. நார் நாரா இருந்திருக்குமே!"

"தெரிஞ்சுதுப்பா."

"தெரிஞ்சும் வாங்கின! என் வீட்டுல பிறந்து, என் பாத்தியில நடந்து பழகின பொண்ணு!"

பெர்சி எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டான். தொட்டியில் மிதந்த கிழங்கை ஒரு தடவை பார்த்தான். "எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான், எட்னா. வீடு வாடகை. வேலை, சரக்கு ஏத்தி இறக்கறது. ஆனா சேப்பல்ல நான் நடந்து வந்தா, 'டார்டாஃப் வர்றான்'ன்னு நாலு பேரு திரும்பிப் பார்ப்பாங்க. அது இந்தக் கிழங்கால. இப்ப இதுவும் இல்லாம, மாமனார் வீட்டுக்குள்ள வெறுங்கையை வீசிக்கிட்டு எப்படி வர்றது? என்னால முடியாது."

"பெர்சி..."

அவன் போய்விட்டான். கதவைச் சாத்தக்கூட மறந்துவிட்டான். பனிக்காற்று உள்ளே வந்தது.

எட்னா எழுந்து கதவைச் சாத்தினாள். சேத் கணப்பின் முன்னால் நின்று பரிசு அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கழற்றினார்.

"அதை ஏம்ப்பா எடுக்கறீங்க?"

"எட்டு வருஷம் நேருக்கு நேரா அவன்கிட்டத் தோத்தேன். ஒன்பதாவது வருஷம் அவன் காதலிச்சுக்கிட்டு இருந்ததால ஜெயிச்சேன். இதை மாட்டி வெச்சுக்கறதுக்கு எனக்கென்ன வெக்கமில்லையா?" அட்டையை மேஜை இழுப்பறைக்குள் குப்புறப் போட்டு மூடினார். மனைவியின் படத்தைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார். "வர மாட்டான் அவன். எனக்கு அந்த மாதிரி ஆளுங்களைத் தெரியும். நானும் அந்த மாதிரி ஆளுதான்."

எட்னா சட்டைக் கையை மடித்துக்கொண்டாள். கிழங்கைப் பழைய சாக்கில் சுற்றிக் கொல்லையில் வைத்தாள். தகரத் தொட்டியை மூன்று தடவை சோடா போட்டுத் தேய்த்தாள். அப்புறம் குளித்தாள். அழுதாளா என்றால், தொட்டியில் இருக்கும்போது கொஞ்சம் அழுதாள். தண்ணீரோடு தண்ணீராகப் போயிற்று.

மறுநாள் பத்தேமுக்காலுக்கு அவள் சேப்பலில் இருந்தாள். வெள்ளை உடுப்பு, அதன்மேல் அப்பாவின் ஓவர்கோட்டு, காலில் ரப்பர் பூட்ஸ். உள்ளே எல்லோருடைய மூச்சும் புகையாக வந்தது. பதினொரு மணி அடித்தது. பதினொன்றே கால். ஆர்கன் வாசிக்கிற பெண் கையுறையைக் கழற்றாமலே மூன்றாவது தடவையாக அதே பாட்டை வாசித்தாள். மில்லுப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நேற்றுவரை கிண்டல் செய்தவர்கள் இன்று பேசாமல் இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நான் சொன்னேனே" என்று சேத் ஆரம்பித்தார்.

"இவங்களைப் பிடிச்சு வைங்க. யாரும் போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு, எட்னா உடுப்பின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

கீழ்த்தெரு வரைக்கும் பத்து நிமிஷ நடை. அந்தப் பத்து நிமிஷத்தில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டாள். முதலில் கோழை என்று சொல்ல வேண்டும். அப்புறம் பெரிய மனுஷன் என்ற நினைப்பு என்று சொல்ல வேண்டும். அப்புறம், கடைசியில் வேண்டுமானால், இறங்கி வரலாம்.

தோட்டத்துக் கதவைத் தள்ளினாள். பெர்சி உள்ளே இருந்தான். கறுப்புக் கல்யாண சூட்டு, கழுத்தில் டை, சட்டைப் பொத்தானில் ஒரு வெள்ளைப் பூ. கையில் இரவல் மண்வெட்டி. முன்னால் முழங்காலளவு ஆழத்தில் அகலமான குழி. கல்லாக உறைந்த மண்கட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் குழியில் போட்டுக்கொண்டிருந்தான். போட்டதெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டுக் குவிந்திருந்தது.

"எட்டு மணிலேர்ந்து இதான்" என்றாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து திருமதி ஃபர்த். "போய்த் தொலைடா, உனக்குக் கல்யாணம்டான்னு சொல்லிச் சொல்லி என் தொண்டை போச்சு."

எட்னா வரிசைப்படுத்தி வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. "என்ன பண்றே?"

"திங்கக்கிழமை ஆளு வருது எட்னா. குழந்தைங்க இருக்காம். இவ்ளோ பெரிய குழியைத் திறந்து வெச்சுட்டு எப்படி வர்றது? ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்னு நெனச்சேன். இந்த மண்ணு உள்ள போக மாட்டேங்குது."

"அப்ப வர்றதாத்தான் இருந்தியா?"

"பின்ன? சூட்டுப் போட்டுக்கிட்டு நிக்கறேனே."

"நேத்து வெறுங்கையோட வர மாட்டேன்னியே?"

பெர்சி மண்வெட்டியைக் குத்தி வைத்து அதன்மேல் சாய்ந்துகொண்டான். மூக்கு சிவந்திருந்தது. "வீட்டுக்கு வந்து யோசிச்சேன். அந்தக் கிழங்கை ஏன் அப்படிப் பறிச்சேன்? உன் வீட்டு வாசல்ல வந்து நிக்கறதுக்கு. சும்மா வந்து நிக்க எனக்குத் தைரியம் இல்ல. ஒவ்வொரு சனிக்கிழமையும் பறிக்கறப்பவே தெரியும், இது தாங்காதுன்னு. ஒவ்வொரு சனிக்கிழமையும் பறிச்சேன். இப்பப் போய் நான் வராம இருந்தா, அதை அநியாயமாக் கொன்ன மாதிரி ஆயிடாதா? எட்டு வருஷம் எனக்குப் பரிசு வாங்கிக் கொடுத்த கிழங்கு அது."

தான் கேட்ட காதல் வசனங்களிலேயே இதுதான் மிக விசித்திரமானது என்று எட்னாவுக்குத் தோன்றியது. தான் கேட்டதிலேயே இது ஒன்றுதான் காதல் வசனம் என்பதும் கூடவே தோன்றியது.

"நீ ஏன் வேண்டாம்னு சொல்லல?" என்று கேட்டான் பெர்சி. "ஆகஸ்ட்ல நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே."

"சொல்லியிருந்தா அடுத்த சனிக்கிழமை எதைச் சாக்கு வெச்சு வந்திருப்பே?"

பெர்சி யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான். "முட்டைக்கோஸ் இருந்துச்சு" என்றான்.

திருமதி ஃபர்த் சமையல் ஏப்ரனின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாழறதைப் பார்க்கறதுக்கு நான் டிக்கெட் வாங்கத் தயார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், அடுப்புச் சாம்பல் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இந்தா, இடுக்குல இதைக் கொட்டுங்க. எதிர்வீட்டுலயும் நாலு வாளி இருக்கும். குளிர்ல எல்லாரும் அடுப்பெரிச்சுத் தள்ளறாங்க."

எட்னா ஓவர்கோட்டைக் கழற்றி வேலியில் போட்டாள். வெள்ளை உடுப்பை முட்டிவரை சுருட்டி முடிந்துகொண்டாள். ரப்பர் பூட்ஸால் மண்கட்டிகளை உதைத்து உள்ளே தள்ளினாள். பெர்சி சாம்பலைக் கொட்டினான். ஏழு வாளி சாம்பல் ஆயிற்று. கால்மணி நேரத்தில் குழி தரைமட்டத்துக்கு வந்தது. மேலே ஏறி இருவரும் கைகோத்துக் குதித்து மிதித்தார்கள். கோத்த கையைப் பெர்சி அப்புறம் விடவில்லை. அவன் இன்னொரு கையால் அவள் முதுகில் தட்டி "போதும், வா" என்றபோது, வெள்ளை உடுப்பில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தது.

அந்தக் கோலத்தில்தான் அவர்கள் சேப்பலுக்குள் நுழைந்தார்கள். மணி பன்னிரண்டேகால். ஒருவர்கூட எழுந்து போயிருக்கவில்லை. சேத் வாசற்கதவுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஹல் ஆளுங்க விழுந்துடக் கூடாதுன்னு குழியை மூடிக்கிட்டு இருந்தார்" என்றாள் எட்னா.

சேத் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். சாம்பலையும் பூவையும் பார்த்தார். "குழியை மூடாம வந்திருந்தாத்தான் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்" என்றார். எழுந்து நாற்காலியை நகர்த்தினார். நடந்துகொண்டே, எல்லோருக்கும் கேட்கிற குரலில் ரகசியம் பேசினார். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன் பயலே. நாம ஒரே வீட்டுல இருக்கப் போறோம். என் பாத்தியிலேர்ந்து பத்தடி தள்ளி நிக்கணும் நீ. ஆகஸ்ட்ல பறிக்கறவனை நம்பறதுக்கு நான் தயாரா இல்ல."

"சரி, மிஸ்டர் சக்டன்."

"ஜூன் முப்பதுக்கு மேல கையைப் பையிலேர்ந்து எடுக்கவே கூடாது."

"சரி, மிஸ்டர் சக்டன்."

"அப்பா, நடங்க" என்றாள் எட்னா.

போதகர் கழுத்துத் துணியை இறக்கிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். குளிரில் அவருக்கும் அவசரம். மளமளவென்று வாசித்துக்கொண்டே போனவர், இந்த இருவரும் இணைவதற்குத் தடையாக நியாயமான காரணம் எதையாவது அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்ற இடம் வந்ததும் வழக்கப்படி நிறுத்தினார்.

சேத் தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார்.

எட்னா முன்னால் பார்த்தபடியே, ரப்பர் பூட்ஸின் குதிகாலால் அப்பாவின் கால் கட்டைவிரலை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

போதகர் நிமிர்ந்து பார்த்தார். சேத்தின் கண்ணில் தண்ணீர் நின்றது. மகளைக் கொடுக்கிற தகப்பன், இருக்காதா என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.